உதடு சுடும் தேநீரும் ஒட்டிப் பிறந்த சொற்களும்

நம் டீக்கடையில் ஸ்ட்ராங், லைட், மீடியம் என்று கேட்கிறோம். ஈரானிலும் தேநீருக்கு அப்படி அடைமொழிகள் உண்டு. திடமாக வேண்டுமென்றால் 'பொர்-ரங்'. பொர் என்றால் நிறைய, ரங் என்றால் நிறம். இளசாக வேண்டுமென்றால் 'கம்-ரங்'. நிறம் குறைவு என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் 'கம்மி'யும் இந்தக் கம்மிலிருந்து வந்ததுதான். இப்போதுதான் இறங்கிய தேநீர் 'தாஜெ-தம்'. தாஜெ என்றால் புதியது. தம் என்றால் மூச்சு, ஆவி. பிரியாணிக்குத் தம் போடுகிறோமே, அதே தம். சிறிய கண்ணாடிக் குவளையில் ஆவி பறக்க வந்தால் அது 'லப்-ஸூஜ்', அதாவது உதடு சுடுவது.

நாலும் கூட்டு அடைமொழிகள். பாரசீக இலக்கணத்தில் இவற்றுக்கு 'ஸெஃபத்-எ மொரக்கப்' என்று பெயர். பாரசீகம் படிக்க வருகிறவர்கள் முதலில் திணறுவது இந்தப் பாடத்தில். அடுத்துத் திணறுவது 'நக்ல்-எ கௌல்' என்ற பாடத்தில். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும் முறை அது. இரண்டும் கடினம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆங்கில வழியாகப் படிப்பதால் வரும் கடினம் அது என்பது என் உறுதியான எண்ணம். தமிழிலிருந்து நேராகப் போனால் இந்த இரண்டு பாடங்களிலும் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்தாகிவிட்டது. அதை உங்களுக்குக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாரசீக ஒலிகள் தமிழெழுத்தில் முழுதாக அடங்கா. இங்கே நான் 'ஜ' எழுதும் இடங்கள் பெரும்பாலும் ஆங்கில z ஒலி, பாரசீகர் ஜமீன் என்னும்போது வரும் ஜ. உச்சரிப்பு டெஹ்ரான் பக்கத்து உச்சரிப்பு. ஆப்கானிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் சில உயிரொலிகள் மாறும். காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கூட்டு அடைமொழியைத் தாலுகா ஆபீசிலிருந்தே தொடங்கலாம். ஆர்க்காட்டு நவாபுகளின் கச்சேரிகளில் பாரசீகம் எழுதப்பட்டது. அந்த வழியில் வந்து நம்மிடம் தங்கிய இரண்டு சொற்கள் தாசில்தார், குமாஸ்தா. இந்த இரண்டுக்குள் பாடத்தின் முக்கால் பங்கு இருக்கிறது. 'தாஷ்தன்' என்றால் உடைத்தாயிருத்தல், வைத்திருத்தல். அதன் நிகழ்காலப் பகுதி 'தார்'. ஒரு பெயரின் பின்னால் இந்தப் பகுதியை ஒட்டினால் 'அதை உடையவர்' என்றாகிறது. ஜமீன்-தார் நிலத்தை உடையவர், தஹ்ஸீல்-தார் வசூலைக் கையில் வைத்திருப்பவர். குமாஸ்தா வேறு வகை. 'கொமாஷ்தன்' என்றால் ஒரு வேலைக்கு அமர்த்துதல். அதன் இறந்தகாலப் பகுதியோடு எகரம் சேர்ந்து 'கொமாஷ்தெ' ஆகும்போது 'அமர்த்தப்பட்டவர்' என்று பொருள். நிகழ்காலப் பகுதி வந்தால் செய்பவர். இறந்தகாலப் பகுதி எகரத்தோடு வந்தால் செய்யப்பட்டவர், அல்லது செய்து முடித்தவர். இவ்வளவுதான் அடிப்படை.

(தஹ்ஸீல் என்ற சொல்லுக்கு இன்றைய ஈரானில் படிப்பு என்று பொருள். 'தஹ்ஸீல்-கர்தெ' என்றால் அங்கே படித்தவர். வசூல் இங்கே, படிப்பு அங்கே. அடைதல் என்ற ஒரே அரபுக் கருத்து இரண்டு ஊரில் இரண்டு வேலை பார்க்கிறது.)

செய்பவர் வகைக்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கெதாப்-ஃபொரூஷ் புத்தகம் விற்பவர், தாஸ்தான்-நெவீஸ் கதை எழுதுபவர், ராஸ்த்-கூ உண்மை பேசுபவர், தொரூக்-கூ பொய் பேசுபவர். 'கந்தெ' என்றால் சிரிப்பு. கந்தெ-தார் என்றால் சிரிப்பூட்டும், வேடிக்கையான. 'மெதாத்' என்றால் பென்சில், 'பாக்-கொன்' என்றால் சுத்தம் செய்வது. மெதாத்-பாக்-கொன் பள்ளிப் பிள்ளையின் அழிப்பான். பர்ஃப் என்றால் பனி; பர்ஃப்-பாக்-கொன் என்பது கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர். ஈரானில் 1935இல் அமைந்த மொழிக் கழகமான ஃபர்ஹங்கெஸ்தான் புதுச் சொற்களை ஆக்கியபோது இந்த அச்சைத்தான் பெரிதும் நம்பியது. வானூர்திக்கு வழங்கிய 'தய்யாரெ' என்ற அரபுச் சொல்லின் இடத்தில் 'ஹவா-பெய்மா' வந்தது. ஹவா காற்று, பெய்மா கடப்பது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் சொல்லைக் கேட்டவுடன் பொருள் விளங்கும்.

ஆங்கிலத்தில் படித்தால் இதற்கு நீண்ட விளக்கம் வேண்டும். நமக்கு வேண்டாம். பாற்குடம் என்றால் பாலை உடைய குடம். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். கெதாப்-ஃபொரூஷ் சொல்லிலும் 'ஐ' உருபு மறைந்துதான் நிற்கிறது. பாரசீகத்தில் நம் 'ஐ'க்கு நிகரான உருபு 'ரா'. அது நடந்துகொள்ளும் விதமும் நம் உருபு போலவே. 'கெதாப் கரீதம்' என்றால் புத்தகம் வாங்கினேன். 'கெதாப் ரா கரீதம்' என்றால் புத்தகத்தை வாங்கினேன், இன்ன புத்தகம் என்று இருவருக்கும் தெரியும். ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு 'ரா' ஒரு பெரிய அத்தியாயம். தமிழருக்கு ஒரு வரி.

ஒரே ஒரு உழைப்பை மட்டும் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு வினைக்கும் இரண்டு பகுதிகளையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். வினைப்பெயரின் கடைசி 'அன்' நீங்கினால் இறந்தகாலப் பகுதி வந்துவிடும்; நிகழ்காலப் பகுதி பல வினைகளில் ஊகத்துக்கு எட்டாது. போக்தன் (சமைத்தல்) கொடுப்பது 'பஜ்'. தீதன் (பார்த்தல்) கொடுப்பது 'பீன்'. பஸ்தன் (கட்டுதல்) கொடுப்பது 'பந்த்'. இந்தக் கடைசிச் சோடியை நீங்கள் மறக்கவே முடியாது. நம் பந்தோபஸ்துக்குள் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன: பந்த்-ஒ-பஸ்த். ஒரே வினையின் இரண்டு பகுதிகளை 'ஒ' என்ற 'உம்'மால் சேர்த்துப் பெயராக்கும் பழக்கம் பாரசீகத்துக்கு உண்டு. கொஃப்த்-ஒ-கூ என்றால் உரையாடல், ஜொஸ்த்-ஒ-ஜூ என்றால் தேடல். வினைகளை இப்படிச் சோடியாகவே வாயில் உருட்டிப் பழகுங்கள்.

இனி இறந்தகால வகை. ஜஹான்-தீதெ: உலகம் கண்டவர், அனுபவசாலி. ரஞ்ச்-தீதெ: துன்பம் கண்டவர். ஸர்மா-கொர்தெ: குளிர் தின்றவர், அதாவது ஜலதோஷம் பிடித்தவர். ஜங்-ஜதெ: போர் அடித்தவர். இங்கேதான் ஆங்கிலவழி மாணவர் குழம்புகிறார். உலகம் கண்டவரில் அவர் உலகத்தைக் கண்டார். போர் அடித்தவரில் போர் அவரை அடித்தது. ஒரே வடிவத்தில் ஒன்று செய்வினை, மற்றது செயப்பாட்டுவினை. எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார். நாம் கேட்கத் தேவையில்லை. 'தோசை சுட்ட அம்மா', 'அம்மா சுட்ட தோசை' இரண்டிலும் 'சுட்ட' ஒன்றே. யார் சுட்டார், எது சுடப்பட்டது என்று நம் பெயரெச்சம் சொல்லாது, பொருள்தான் சொல்லும். அதே பழக்கத்தை அப்படியே எடுத்துப்போங்கள். இந்த 'ஜதெ' மிகவும் வளமான சொல். ஜெல்ஜெலெ-ஜதெ என்றால் நிலநடுக்கத்தால் அடிபட்டவர். அதோடு ஈகாரம் சேர்ந்து பண்புப்பெயராகும்போது 'ஜதெகீ' ஆகும். ஜலால் ஆல்-எ அஹ்மத் 1962இல் வெளியிட்ட நூலின் பெயர் 'கர்ப்-ஜதெகீ'. மேற்குத் தாக்கிய நிலை. ஒரு தலைமுறையின் அரசியல் விவாதம் முழுவதும் அந்த ஒரு கூட்டுச் சொல்லைச் சுற்றி நடந்தது.

விதிக்கு மீறியவையும் உண்டு. 'நெவீஸ்' நிகழ்காலப் பகுதி, தாஸ்தான்-நெவீஸ் எழுதுபவர். ஆனால் தஸ்த்-நெவீஸ் கையால் எழுதப்பட்டது, கையெழுத்துப் படி. கொத்-நெவீஸ் தானே எழுதுவது, மை ஊற்றும் பேனா. பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இப்படிச் சில சொற்களை விதிக்குள் அடைக்க முயன்று நேரத்தை இழக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வகை மூன்றாவது. வினையே இல்லாமல் இரண்டு சொற்கள் சேர்ந்து மூன்றாவது ஆளைக் காட்டுவது. ஸங் கல், தெல் நெஞ்சு. ஸங்-தெல் என்றால் கல்நெஞ்சக்காரர். ஜபான் நாக்கு, தெராஜ் நீளம். ஜபான்-தெராஜ் என்றால் நாம் 'வாய் நீளம்' என்போமே, அந்த ஆள். ஸர்-பொலந்த் தலை நிமிர்ந்தவர். செஷ்ம்-தங் கண் குறுகியவர், பிறர் நன்றாயிருப்பதைக் காணப் பொறுக்காதவர். நம் அன்மொழித்தொகை இதுதான். பொற்றொடி என்றால் வளையல் இல்லை, அதை அணிந்த பெண். அதுபோல ஸங்-தெல் என்பதில் கல்லும் இல்லை, நெஞ்சும் இல்லை, ஓர் ஆள் இருக்கிறார்.

ஆனால் உடலுறுப்புகள் எல்லாம் நம் ஊர்க் கணக்கில் போகா. தெல்-ஸூஜ் என்றால் நெஞ்சு எரிகிறவர். தமிழ்க் காதுக்கு இது வயிற்றெரிச்சலைப் போல ஒலிக்கும். பாரசீகத்தில் அதற்குப் பொருள் பரிவுள்ளவர். பிறர் துன்பத்துக்காக நெஞ்சு எரிகிறவர். பொர்-ரூ என்றால் முகம் நிறைந்தவர், அதாவது துடுக்கானவர். கம்-ரூ கூச்சக்காரர். தெல்-தங் என்றால் நெஞ்சு இறுகியவர். ஒருவரைப் பிரிந்து ஏங்குகிறவர். தெல் சேர்ந்த சொற்களுக்குத் தனி நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். பாரசீகத்தின் மென்மை பெருமளவு அந்த நோட்டில் சேர்ந்துவிடும்.

ஒட்டிய சொல்லையும் ஒட்டாத சொற்களையும் பிரித்தறிவது எப்படி? பாரசீகத்தில் பெயருக்குப் பின்னால்தான் அடைமொழி வரும். நடுவே ஒரு சிறு எகரம் கட்டும். அதற்கு 'எஜாஃபெ' என்று பெயர். பெதர்-எ பொஜோர்க் என்றால் பெரிய அப்பா, ஆள் பெரியவர். எகரம் இல்லாமல் பெதர்-பொஜோர்க் என்றால் தாத்தா. தக்தெ-யெ ஸியாஹ் கரிய பலகை. தக்தெ-ஸியாஹ் வகுப்பறைக் கரும்பலகை. தமிழும் இதே வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. ஒட்டிய சொல்லுக்கு ஒரே அழுத்தம், அதுவும் கடைசி அசையில். எஜாஃபெயை எழுத்தில் பெரும்பாலும் எழுதுவதில்லை என்பதால் கண்ணை நம்பாமல் காதை நம்ப வேண்டும். கணினியில் தட்டச்சு செய்கிறவர்கள் கூட்டுச் சொல்லின் நடுவே 'நீம்-ஃபாஸெலெ' என்ற அரை இடைவெளி விடுவார்கள். எழுத்துகள் சேராமல் நிற்கும். சொல் பிரியாமலும் இருக்கும். நல்ல பதிப்புகளில் அதைப் பார்த்தே கூட்டுச் சொல்லை அடையாளம் காணலாம்.

இப்போது அடுத்த பாடம். 'டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச்' என்று பள்ளியில் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. ரென் அண்டு மார்ட்டின் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கி, நாளையை மறுநாளாக்கி, கேள்வியின் சொல்வரிசையைத் திருப்பிப் போட்டோம். பாரசீகத்துக்கு வரும்போது அந்தப் பயிற்சியைத் தயவுசெய்து வாசலிலேயே கழற்றி வையுங்கள். இங்கே அது தேவையில்லை; தீங்கும் செய்யும்.

மர்யம் என்ற பெண் "ஃபர்தா மீ-ஆயம்" என்கிறாள். நாளை வருகிறேன். அதை நீங்கள் எடுத்துச் சொல்லும்போது: "மர்யம் கொஃப்த் கெ ஃபர்தா மீ-ஆயத்." மர்யம் சொன்னாள், நாளை வருகிறாள் என்று. காலம் மாறவில்லை, 'ஃபர்தா'வும் மாறவில்லை. மாறியது இடம் மட்டும்: தன்மை படர்க்கையானது. தமிழில் அதுகூட மாறாது, 'நாளை வருகிறேன் என்று மர்யம் சொன்னாள்' என்போம். பேச்சுப் பாரசீகத்திலும் பல நேரம் அதே போல 'கெ'யைக்கூட விட்டுவிட்டு "கொஃப்த் ஃபர்தா மியாம்" என்று அவள் சொன்னபடியே சொல்லிவிடுவார்கள். எழுத்தில் மீ-ஆயம், பேச்சில் மியாம். வருகிறேனும் வரேனும் போல. இரட்டை வழக்கோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை.

நினைத்தல், பார்த்தல், தெரிதல் எல்லாவற்றுக்கும் இதே நடை. "ஃபெக்ர் கர்தம் காபீ" என்றால், தூங்குகிறாய் என்று நினைத்தேன். நினைத்தது முடிந்துபோன காலம். ஆனால் நினைப்புக்குள் இருக்கும் தூக்கம் அந்த நேரத்தில் நிகழ்காலம், ஆகவே நிகழ்காலம்தான். கேள்வியும் அப்படியே. "பொர்ஸீத் கொஜா மீ-ரவம்": எங்கே போகிறேன் என்று கேட்டார். சொல்வரிசையில் கை வைப்பதில்லை. ஆம், இல்லை என்று விடை வரும் கேள்வியானால் எழுத்தில் 'ஆயா' என்ற சொல் முன்னால் வரும். பேச்சில் அதுவும் வராது.

தமிழர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் 'என்று' பேச்சின் பின்னால் வரும், 'சொன்னான்' கடைசியில் வரும். பாரசீகத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கும். அதனால் 'சொன்னான்' என்பதையும் கடைசியில் கொண்டுபோய் வைக்க நம் நாக்கு துடிக்கும். கூடாது. 'கொஃப்த்' முன்னால், 'கெ' நடுவில், சொன்ன செய்தி பின்னால். சொன்னவர் யார் என்பதை முதலில் காட்டிவிட்டுத்தான் செய்தியைத் திறக்கிறது பாரசீகம். நாளுக்குப் பத்து வாக்கியம் உரக்கச் சொல்லிப் பழகினால் இந்தத் திருப்பம் நாக்குக்குப் படிந்துவிடும்.

கட்டளையை எடுத்துச் சொல்வதில் ஓர் எழுத்துத் தவறினால் பொருளே மாறும். "கொஃப்த் மீரம்" என்றால், போகிறேன் என்றார். "கொஃப்த் பெரம்" என்றால், என்னைப் போகச் சொன்னார். முன்னது 'மீ' சேர்ந்த நிகழ்காலம். பின்னது 'பெ' சேர்ந்த விழைவு நிலை. தமிழில் 'போகிறேன் என்றார்', 'போகச் சொன்னார்' என்று வாக்கியமே வேறாகி நமக்கு உதவுகிறது. பாரசீகத்தில் அந்த முழுச் சுமையையும் ஓரசை தாங்குகிறது.

காலம் மாறாது என்றேன். அதில் ஒரு விலக்கு இருக்கிறது. பாரசீகத்தின் மிக அழகான மூலைகளில் ஒன்று அது. 'கரீதம்', வாங்கினேன் என்று ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, கவனமாக எழுதுகிறவர்கள் "கொஃப்த் கெ கரீதெ அஸ்த்" என்று எழுதுவார்கள். இந்த 'கரீதெ அஸ்த்' வடிவத்தின் பெயர் 'மாஜீ-யெ நக்லீ'. நக்ல் என்றால் எடுத்துச் சொல்லுதல். வாங்கியிருக்கிறார் என்று முடிந்த செயலைக் காட்டுவது அதன் அன்றாட வேலை. அதோடு, நான் கண்ணால் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்ற குறிப்பும் இடத்துக்கேற்ப அதில் ஏறிக்கொள்கிறது. இன்னும் தெளிவாகப் பார்க்க ஒரு வாக்கியம்: "பெதர்-பொஜோர்கம் ஹர் ரூஜ் பியாதெ பெ மத்ரெஸெ மீ-ரஃப்தெ." தாத்தா தினமும் நடந்தே பள்ளிக்கூடம் போவாராம். 'மீ-ரஃப்த்' என்றிருந்தால் போவார். 'மீ-ரஃப்தெ' என்றதால் போவாராம். தாத்தா பள்ளிக்குப் போனதைப் பேரன் எங்கே பார்த்தான்? ஆகவே அந்த எகரம். பிரெஞ்சு அறிஞர் ஜில்பேர் லஜார் இந்த வடிவங்களைப் பற்றி நிறைய எழுதினார். ஐரோப்பிய வாசகருக்கு அதை விளக்கப் பக்கங்கள் தேவைப்பட்டன. பாட்டி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'ஆம்' என்ற ஓர் ஒட்டு போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நம் 'ஆம்' செவிவழிச் செய்தியை மட்டும்தான் காட்டும், நக்லீ இரண்டு வேலையும் செய்யும், எது என்பதை இடம் பார்த்து உணர வேண்டும். பேச்சில் இன்னொரு நுட்பம். 'ரஃப்தம்' என்பதில் முதலசையை அழுத்தினால் போனேன். கடைசி அசையை அழுத்தினால் போயிருக்கிறேன். எழுத்து வேறாயினும் பேச்சில் அழுத்தம் ஒன்றே வேறுபாடு.

மரியாதையும் இந்தப் பாடத்தின் உள்ளேயே வருகிறது. பெரியவர் சொன்னதை 'கொஃப்த்' என்று சொல்லத் தயங்குவார்கள். 'ஃபர்மூதந்த்' என்பார்கள், கட்டளையிட்டார்கள் என்பது அதன் மூலப்பொருள். ஆள் ஒருவர்தான், வினை பன்மையில். 'அவர் வந்தார்' என்பதில் பன்மையை மரியாதையாக்கிக்கொண்ட நமக்கு இது வீட்டுப் பழக்கம். தான் சொன்னதைச் சொல்லும்போது 'அர்ஜ் கர்தம்' என்று தணிந்துகொள்வார்கள். "ஒஸ்தாத் ஃபர்மூதந்த் கெ தஸ்த்-நெவீஸ் ரா பியாவரம்": ஆசிரியர் கையெழுத்துப் படியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மரியாதைப் பன்மை, 'கெ', கூட்டுச் சொல், 'ரா', விழைவு நிலை எல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பொருள் சொல்ல முடிந்தால் நீங்கள் தொடக்கநிலையைத் தாண்டிவிட்டீர்கள்.

கடைசியாக ஒரு சிக்கல். பாரசீகத்தில் அவன், அவள் என்ற பிரிவு இல்லை, இருவருக்கும் 'ஊ'தான். "அலீ பெ ஹஸன் கொஃப்த் கெ பெதரஷ் ஆமதெ அஸ்த்." அலி ஹசனிடம் சொன்னான், அவன் அப்பா வந்திருக்கிறார் என்று. யாருடைய அப்பா? அலியுடையவரா, ஹசனுடையவரா? தமிழில் 'தன் அப்பா' என்றால் முடிச்சு அவிழும். பாரசீகத்தில் அந்த வேலைக்கு 'கொத்' இருக்கிறது. 'பெதர்-எ கொதஷ்' என்றால் பெரும்பாலும் அலியின் அப்பாதான். ஐயம் வரும் இடத்தில் ஈரானியர்கள் வேறொரு வழியையும் எடுக்கிறார்கள்: அலி சொன்ன சொல்லை மாற்றாமல் "கொஃப்த் பெதரம் ஆமதெ" என்று, என் அப்பா வந்திருக்கிறார் என அவன் வாயாலேயே சொல்லவைத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் நீங்களும் இதையே செய்யுங்கள். கேட்பவருக்குக் குழப்பம் வராது. 'என்று' சொல்லிப் பழகிய நாக்குக்கும் அது எளிது.